வீட்டில் இருந்தாலும் வேலைதான்

தாய்மார்களே,

விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்கள் நாம். வேலை என்றால் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும் என்பது நம் ரத்தத்தில் ஊறிப்போன எண்ணம். அதனால்தான், அரசாங்க உத்தியோகம் பார்க்கும் மகளோ மருமகளோ காலை பத்து மணிக்கு வீட்டில் இருந்தால், "இன்றைக்கு லீவா?" என்று கேட்டுவிடுகிறோம்.

லீவு அல்ல. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பல அலுவலகங்கள் மூடிக்கிடந்தன. ஆனாலும் அரசாங்க வேலை நிற்கவில்லை. ஊழியர்கள் பலர் வீட்டிலிருந்தே கவனித்தார்கள். அதே ஆண்டில் பொதுச் சேவைத் துறை இதற்கென்று ஒரு கொள்கையையே வெளியிட்டது. தாதியும் போலீஸ்காரரும் இப்படிச் செய்ய முடியாது. கணினியில் முடிகிற வேலைக்கு, மேலதிகாரி அனுமதித்தால், வீடும் அலுவலகம்தான்.

இதனால் என்ன நன்மை? புத்ராஜெயாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் பிராங் பெசார் தோட்டமாக இருந்த மண் அது. அன்று நம்மவர்கள் லயத்திலிருந்து நடந்தே நிரைக்குப் போனார்கள். இன்று அங்குள்ள அலுவலகத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் போக வேண்டும். அதே தூரம் திரும்ப வேண்டும். அந்தப் பயணம் மிச்சமானால் பெட்ரோலும் டோலும் மிச்சம். பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும்போது தாய் வீட்டில் இருப்பாள். படுக்கையில் கிடக்கும் தகப்பனாருக்கு வேளைக்கு மருந்து கிடைக்கும்.

ஆனால், இந்த நன்மையைக் கெடுப்பதும் நாம்தான். 'வீட்டில்தானே இருக்கிறாள்' என்று சமையல், துணி, பேரப்பிள்ளை எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டிவிடுகிறோம். பகலில் முடியாத உத்தியோக வேலையை, ஊர் உறங்கிய பிறகு அவள் உட்கார்ந்து முடிக்கிறாள்.

யோசித்துப் பாருங்கள். நாம் மரம் வெட்டிய நேரத்தில் நம் கையில் யாராவது பிள்ளையைக் கொடுத்தார்களா? அதற்காகத்தானே ஆயாக்கொட்டகை இருந்தது?

அவளுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, சாத்திக்கொள்ள ஒரு கதவு போதும். தொலைக்காட்சிச் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள். பேரப்பிள்ளையை ஆளுக்குக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். தாத்தாவுக்கும் அதில் பங்கு உண்டு.

பத்து மணிக்கு ஒரு கோப்பைத் தேநீரைச் சத்தமில்லாமல் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வாருங்கள். ஊர்க்கதையெல்லாம் ஐந்து மணிக்கு மேல் பேசிக்கொள்ளலாம்.