நோயாளியிடமா ஜாமீன்?

கடலில் உழைப்பவன் நோயுற்றால் கப்பலின் உடைமையாளனே அவனைக் காக்க வேண்டும். இது நேற்று முளைத்த கோரிக்கையன்று. ஐரோப்பாவின் இடைக்காலக் கடற்சட்டமான ஒலெரோன் விதிகளே, நோயுற்ற மாலுமியைக் கரையிறக்கித் தங்க இடமும், விளக்கும், பணிவிடைக்கு ஓர் ஆளும் தருமாறு கட்டளையிட்டன. பிழைத்தால் முழுக்கூலி அவனுக்கு. இறந்தால் மனைவிக்கோ உறவினருக்கோ என்றன.

முடியாட்சிக் காலமே ஒப்பிய உரிமை, குடியாட்சிக் காலத்தில் படும் பாட்டைப் பாரீர்!

உலகக் கப்பல்களுக்கு மாலுமிகளைப் பெருமளவில் அனுப்பும் நாடு பிலிப்பைன்ஸ். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை 2012இல் 30ஆவது நாடாக அது ஏற்றது. 2013இல் உடன்படிக்கை உயிர் பெற்றது. கரையிறங்கிய நோயாளிக்குக் கூலி தரும் பொறுப்பை 16 வாரத்துக்குக் கீழே எந்நாடும் குறைக்கலாகாது என்பது அதன் விதி. பிலிப்பைன்சின் மாதிரி ஒப்பந்தமோ 120 நாள் வரை நோய்க்காலக் கூலியும், மருத்துவச் செலவும் உண்டு என்கிறது. ஏட்டில் இனிக்கிறது, எடுத்து உண்ணப் போனால்?

நாடு திரும்பிய மூன்று வேலை நாட்களுக்குள் நிறுவனம் குறித்த மருத்துவர் முன் நிற்க வேண்டும். எழ இயலாதவன் எழுத்திலேனும் அறிவிக்க வேண்டும். தவறினால் உரிமை போயிற்று. நோயின் அளவை முதலில் உரைப்பவரும் முதலாளி அமர்த்திய மருத்துவரே!

இத்தனையும் கடந்து தொழிலாளர் மன்றத்தில் வென்றவனை, 2024 செப்டம்பரில் கையெழுத்தான கடலோடிகள் சட்டம் வழிமறித்தது. சம்பளமும், முதலாளி ஒப்பிய தொகையும் உடனே கிடைக்கும். அவர் மறுக்கும் தொகையை மேல்முறையீடு முடியுமுன் பெற வேண்டுமாயின், மாலுமி ஜாமீன் கட்ட வேண்டுமாம்! அச்சட்டத்தின் பெயரோ மாக்னா கார்ட்டா!

"மேல்மன்றம் தீர்ப்பை மாற்றினால், செலவழிந்த பணத்தை மீட்பது எங்ஙனம்?" என்கின்றனர் கப்பல் முதலாளிகள். கேள்வி பொய்யன்று. ஆயின் அவ்விடரைத் தாங்க வல்லவர் யார்? காப்பீட்டின் துணையுடைய நிறுவனமா? வேலையிழந்து மருந்துக்கு அலைபவனா? வழக்கு நீள்வது ஒருவருக்குக் கணக்கேட்டில் ஒரு வரி, மற்றவனுக்கு உயிர். பணமின்றி வழக்காட வந்தவனிடம், பணம் வைத்தால்தான் தீர்ப்பின் பயன் என்பது நீதியாகுமா?

தோழர்களே! நோய்க்காலக் கூலி பிச்சையன்று. உழைப்பின் விலையில் அடங்கிய பங்கு. ஜாமீன் தேவையெனில் ஆதாயம் கண்டவர் தரட்டும். படுக்கையில் கிடப்பவனிடம் அதைக் கேட்கும் விதி எந்நாட்டில் இருப்பினும், அது நீங்கும்வரை தொழிற்சங்கங்களின் குரல் ஓயலாகாது.