மன்றோவில்லின் மூன்றாவது குடும்பம்

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில், மன்றோவில் என்றொரு சிற்றூர் உண்டு. மக்கள் தொகை ஏறத்தாழ ஆறாயிரந்தான். ஆனாலும் 1997 ஆம் ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் அவ்வூருக்கு 'அலபாமாவின் இலக்கியத் தலைநகர்' என்ற பட்டத்தைச் சூட்டியது. அதற்குக் காரணம் அடுத்தடுத்து இருந்த இரண்டு வீடுகள்! ஒன்று வழக்கறிஞர் ஏ. சி. லீயின் வீடு. மற்றொன்று ஃபாக் குடும்பத்தார் வீடு. அங்கே உறவினரிடம் வளர்ந்த சிறுவன்தான் பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி.

லீ சட்டமன்ற உறுப்பினராகவும் உள்ளூர் இதழின் ஆசிரியராகவும் விளங்கியவர். 1919 இல் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இரு கறுப்பினத்தவருக்காக வாதாடித் தோற்றார். இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் குற்ற வழக்கு எதையும் அவர் ஏற்கவில்லை. அத்தந்தையை மனத்திற் கொண்டு மகள் ஹார்ப்பர் லீ படைத்த நாயகனே அட்டிகஸ் ஃபின்ச். 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்னும் அந்நாவல் 1960 இல் வெளிவந்து, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. அதில் வரும் டில் என்ற குறும்புக்காரச் சிறுவன் வேறு யாருமல்லன், பக்கத்து வீட்டுக் கபோட்டிதான்.

நாவலை நானும் விரும்பிப் படித்தவன். ஆனால் அவ்வூரின் பெருமை இவ்விரு குடும்பங்களோடு முடிந்துவிடுகிறது என்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

1991 இல் ஊர்மக்கள் அந்நாவலை நாடகமாக நடிக்கத் தொடங்கினர். பழைய நீதிமன்றக் கூடமே மேடை. குற்றமற்ற கறுப்பின மனிதனுக்காக அட்டிகஸ் வாதாடும்போது பார்வையாளர் உருகினர். அதே வேளையில், அவ்வூரைச் சேர்ந்த வால்ட்டர் மக்மில்லியன் என்ற கறுப்பினத்தவர் மரண தண்டனைக் கைதியாகச் சிறையில் இருந்தார்! காகித ஆலைகளுக்கு மரம் வெட்டி அனுப்புவது அவர் தொழில். வெள்ளை இனப் பெண்ணொருத்தி 1986 இல் கொலையுண்ட வழக்கில், 1987 இல் கைதானார். விசாரணை தொடங்கு முன்பே மரண தண்டனைக் கைதிகளோடு அடைத்துவைத்தனர். இது எந்தச் சட்டத்தில் உள்ளதோ! ஆயுள் தண்டனை போதும் என்றனர் நடுவர் குழுவினர். நீதிபதியோ அதனை மரண தண்டனையாக மாற்றினார்.

பிரையன் ஸ்டீவன்சன் என்ற இளம் வழக்கறிஞர் வழக்கைக் கையிலெடுத்தார். அரசுத் தரப்பின் முக்கிய சாட்சியே தான் சொன்னது பொய்யென ஒப்புக்கொண்டான். 1993 மார்ச்சில் மக்மில்லியன் விடுதலையானார்.

"நாவல் எழுதியவரும் சிறை சென்றவரும் ஒன்றா?" என்று நண்பர்கள் கேட்கலாம். லீயின் மகள் எழுதியது கற்பனை. மக்மில்லியனோ அதனை ஆறு ஆண்டுகள் வாழ்ந்து காட்டியவர். வெளியே வந்தபின், மரண தண்டனையின் கொடுமையைப் பலரறியப் பேசியவர். மன்றோவில்லின் பெருமக்கள் பட்டியலை எழுதச் சொன்னால், மூன்றாவது குடும்பமாக அவர் குடும்பத்தையே எழுதுவேன்.

கொலை நடந்த அன்று காலை, அவர் வீட்டில் தேவாலய நிதிக்காக மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் எங்களோடுதான் இருந்தார் என்று அங்கிருந்தவர்கள் நீதிமன்றத்தில் சொன்னார்கள், நம்புவாரில்லை. அவர்களையும் அதே வரியில் சேர்ப்பேன்.