ஓய்வு பெற்றவருக்கும் பேச்சுவார்த்தையில் இடம் வேண்டும்

2015 மே 25 அன்று வங்கி ஊழியர்களின் பத்தாவது இருதரப்பு ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானபோது, ஓய்வூதியர்களின் கோரிக்கைகள் பற்றித் தனியாக ஒரு குறிப்பும் பதிவு செய்யப்பட்டது. வங்கிகளுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் இடையே ஒப்பந்த உறவு எதுவும் கிடையாது, அவர்கள் கேட்பதை நலத்திட்டம் என்ற அளவில் வேண்டுமானால் பரிசீலிக்கலாம் என்பதே வங்கி நிர்வாகங்களின் கூட்டமைப்பான இந்திய வங்கிகள் சங்கம் அதில் எடுத்த நிலை. முப்பது ஆண்டுக்கு மேல் கவுண்டரில் உட்கார்ந்தவரின் கோரிக்கை, வேலையின் கடைசி நாளோடு உரிமை என்ற தகுதியை இழந்து தயவாகிவிடுகிறது. இதற்குத் தொழிற்சங்கங்களும் பழகிப்போய்விட்டன. பிரிவுபசார விழா நடத்துவார்கள், சால்வை போர்த்துவார்கள், உயிர்வாழ் சான்று கொடுக்கவும் குடும்ப ஓய்வூதியப் படிவம் நிரப்பவும் ஆள் அனுப்புவார்கள். கணவரை இழந்து முதன்முறையாக வங்கிப் படியேறும் பெண்ணுக்கு அந்தக் கடைசி உதவி எவ்வளவு பெரியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஓய்வு பெற்றவர்களைச் சங்கம் உதவி பெறுவோராக மட்டுமே வைத்திருப்பது போதாது. ஓய்வூதியம் பேசப்படும் இடத்தில் அவர்கள் ஒரு தரப்பாக உட்கார வேண்டும்.

ஒப்பந்த உறவு இல்லை என்ற வாதத்தை வங்கித் துறையின் வரலாறே மறுக்கிறது. 1993 அக்டோபர் 29 அன்று கையெழுத்தான ஓய்வூதிய ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். வருங்கால வைப்பு நிதியில் வங்கி செலுத்தும் பங்கை விட்டுக்கொடுத்தவர்களுக்கே அதில் ஓய்வூதியம் கிடைத்தது. அதாவது, ஊழியர் தன் பணத்தைக் கொடுத்துப் பெற்ற பிற்கால ஊதியம் அது. அதைவிட முக்கியம், 1986 ஜனவரி 1 முதல் ஓய்வு பெற்றிருந்தவர்களையும் அந்த ஒப்பந்தம் சேர்த்துக்கொண்டது. 2010 ஏப்ரலில் இரண்டாம் முறை விருப்பம் தெரிவிக்கும் வாய்ப்பு வந்தபோதும் இதுவேதான் நடந்தது: ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டவர்கள், தாங்கள் பெற்றிருந்த வங்கிப் பங்கைக் கூடுதல் தொகையோடு திருப்பிக் கட்டி ஓய்வூதியத்தில் சேர்ந்தார்கள். ஆக, ஓய்வு பெற்றவர்கள் சார்பில் சங்கங்கள் பேசியதையும் நிர்வாகங்கள் கையெழுத்திட்டதையும் இரண்டு முறை பார்த்தாகிவிட்டது. இல்லாத உறவின் பேரில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? ஓய்வூதியம் இனாம் அல்ல, செய்து முடித்த பணிக்கான உரிமை என்று உச்ச நீதிமன்றம் நகரா வழக்கில் சொன்னது 1982 டிசம்பர் 17 அன்று. அது அரசு ஊழியர் வழக்குதான் என்றாலும், அதிலுள்ள தர்க்கத்துக்குத் துறை வேறுபாடு கிடையாது.

சட்டத்தில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், உறுப்பினர்களுக்கு முதுமைக்கால உதவி வழங்கச் சங்க நிதியைப் பயன்படுத்தலாம் என்று தொடக்கத்திலேயே அனுமதித்தது. பின்னர் 2001-இல் வந்த திருத்தம், சங்கப் பொறுப்பு வகிப்பதைப் பொறுத்தவரை ஓய்வு பெற்றவரை வெளியாளாகக் கருதக்கூடாது என்றது. ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்பில், தனித்துப் பேச்சுவார்த்தை நடத்தும் சங்கத்துக்கான 51 விழுக்காட்டுக் கணக்கு, பணிப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களை மட்டும் வைத்தே எடுக்கப்படுகிறது. விளைவைப் பாருங்கள். எழுபது வயதான தலைவர் ஒருவர், வேலையில் இருப்பவர்களின் ஊதியம் பற்றிப் பேசிக் கையெழுத்திடலாம். அவரைப் போன்ற எழுபது வயதுக்காரர்களின் ஓய்வூதியம் என்றால் மட்டும் தலைக்கணக்கில் அவர்கள் யாருமே இல்லை. எண்ணிக்கையில் வராதவர்களுக்காக எந்தத் தலைமையும் கடைசி நேர பேரத்தில் பிடிவாதம் பிடிப்பதில்லை.

இதன் விலை என்ன என்பதற்கு அகவிலைப்படி ஒன்றே போதும். 2005 ஒப்பந்தத்தில், அடிப்படைத் தொகை உயர உயர அகவிலைப்படி விகிதம் குறையும் பழைய படிநிலை முறை கைவிடப்பட்டது. 2002 நவம்பருக்கு முன்பு ஓய்வு பெற்றவர்களுக்கோ அந்தப் பழைய முறையே தொடர்ந்தது. ஒரே வங்கியில், ஒரே பதவியில் இருந்த இருவருக்கு ஓய்வு பெற்ற தேதியை வைத்து இருவேறு கணக்கு. இது சரியாக 2023 ஆனது. இடைப்பட்ட காலத்தில் அதைக் கேட்டவர்களில் எத்தனையோ பேர் உயிரோடு இல்லை. ஊதியம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்பட்டாலும் அடிப்படை ஓய்வூதியம் திருத்தப்படுவதில்லை. ரிசர்வ் வங்கியில் 2019-இல் அது நடந்தது. மற்ற வங்கிகளின் ஓய்வூதியர்களுக்கு 2024 மார்ச் ஒப்பந்தத்தின்போது கிடைத்தது மாதாந்திரக் கருணைத் தொகை. மருத்துவக் காப்பீட்டிலும் இதே கதைதான். வேலையில் இருப்பவருக்கு வங்கி பிரீமியம் கட்டுகிறது. நோய் அதிகம் வரும் வயதில் இருப்பவர் ஏறிக்கொண்டே போகும் பிரீமியத்தைத் தன் பையிலிருந்து கட்டுகிறார்.

ஓய்வு பெற்றவர்களுக்கு இடம் கொடுத்தால் இளைஞர்களின் பங்கை அவர்கள் விழுங்கிவிடுவார்கள் என்ற எதிர்வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. இத்தாலியின் மிகப் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பான சிஜிஐஎல்-இன் உறுப்பினர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஓய்வூதியர்கள். அவர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. சந்தா ஓய்வூதியத்திலிருந்தே பிடிக்கப்படுகிறது. முதியோர் சேவை, உள்ளூர் வரி போன்றவற்றுக்காக அந்தப் பிரிவு நகராட்சிகளோடு பேரம் பேசுகிறது. அதே நாட்டில்தான், 1995 ஓய்வூதியச் சீர்திருத்தம் பதினெட்டு ஆண்டு சந்தா கட்டியவர்களைப் பழைய முறையில் விட்டு, சுமையை இளையோர் மேல் ஏற்றியது. அதன் மீது சங்கங்கள் நடத்திய வாக்கெடுப்பில் ஓய்வூதியர்களும் வாக்களித்தார்கள். ஆகவே அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் நம் வங்கிகளில் ஓய்வு பெற்றவர்களுக்கு வாக்கே இல்லாதபோதும் நடந்தது அதுதான். மூத்தவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு கொடுத்த அதே 2010 ஒப்பந்தம், அந்த ஏப்ரல் முதல் வேலைக்கு வந்தவர்களைப் புதிய ஓய்வூதியத் திட்டத்துக்கு அனுப்பியது. இன்னும் வேலைக்கே வராதவர்களை விட்டுக்கொடுப்பது யாருக்கும் எளிது. உறுதியான ஓய்வூதியம் எப்படி வந்தது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்று தெரிந்தவர்கள் சங்கத்துக்குள் இருப்பது, அதை இழந்த இளைஞருக்குத்தான் அதிகம் தேவை.

ஓய்வூதியர்களுக்குத் தனிச் சங்கங்கள் இருக்கின்றனவே, அவை போதாதா என்பது அடுத்த கேள்வி. வழக்குத் தொடர, மனு கொடுக்க, தர்ணா இருக்க அவை போதும். நிர்வாகத்தை அசைக்கும் வலு வேலையை நிறுத்தக் கூடியவர்களிடம் மட்டுமே இருக்கிறது. 2024 ஜனவரி 9 அன்று தமிழக அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்தில், ஆண்டுக்கணக்காக நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஓய்வூதியர்களின் அகவிலைப்படியும் ஒரு முக்கியக் கோரிக்கை. பொங்கல் நேரம் என்பதால் உயர் நீதிமன்ற விசாரணையின்போது மறுநாளே போராட்டம் தள்ளிவைக்கப்பட்டது. பணம் உடனே வந்துவிடவுமில்லை. இருந்தாலும், முதியவர்கள் தனியாக உட்கார்ந்த தர்ணாக்களுக்குக் கிடைக்காத கவனம், பேருந்து நின்ற அன்று அந்தக் கோரிக்கைக்குக் கிடைத்தது.

ஓய்வு பெற்ற தலைவர்கள் நாற்காலியை விடுவதில்லை என்று இளம் ஊழியர்கள் புலம்புவது நியாயமானது. அதற்கு வழி, பொறுப்பையும் வாக்கையும் பிரிப்பது. ஊதியம், பணியிட மாற்றம், வேலைநிறுத்தம் ஆகியவற்றை வேலையில் இருப்பவர்களே முடிவு செய்யட்டும். சங்கப் பொறுப்புகளும் பெரும்பாலும் அவர்களிடமே இருக்கட்டும். ஓய்வூதியம், ஓய்வூதியர் மருத்துவக் காப்பீடு என்ற இரண்டில் மட்டும், குறைந்த சந்தா கட்டும் ஓய்வு பெற்ற உறுப்பினர்களுக்கு வாக்கும், அவர்கள் தேர்ந்தெடுத்தவருக்குப் பேச்சுவார்த்தைக் குழுவில் இடமும் வேண்டும். இதில் பாதியைச் சங்கங்கள் யாருடைய அனுமதியும் இல்லாமல், தங்கள் விதிகளைத் திருத்தியே செய்துகொள்ளலாம். மீதிக்கு நிர்வாகங்களின் ஒப்புதல் வேண்டும். இப்போதைய வங்கி ஒப்பந்தத்தின் காலம் 2027 அக்டோபருடன் முடிகிறது. அடுத்த கோரிக்கைப் பட்டியலின் முதல் பக்கத்தில், 2015-இன் அந்தக் குறிப்பை நீக்க வேண்டும் என்பதைச் சங்கங்கள் எழுத வேண்டும்.