அம்மாவின் காலுறை

இந்த வெயில் ஊரில் கம்பளிக் காலுறையா என்று சிரிக்காதீர்கள். வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் உட்காரும் அம்மாவுக்குக் கால் விறைத்துப்போகிறது. அங்கே எங்கள் வானொலிக் கூடத்தைவிடக் குளிர்!

முதல் ஜோடியை முழு மெரினோ கம்பளியில் பின்னினேன். அவ்வளவு மென்மை, ஆனால் குதிகால் சீக்கிரமே ஓட்டை. இப்போது 75 விழுக்காடு கம்பளி, 25 விழுக்காடு நைலான் கலந்த நூல்தான். 100 கிராம் சுருளில் சுமார் 400 மீட்டர் வரும். ஒரு ஜோடிக்குப் போதும். கையால் சாயமிட்ட நூலில் இரண்டு சுருள்கள் ஒரே நிறமாக அமைவது அபூர்வம்.

சிவப்பு வாங்கினால், பின்னுமுன் ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. அம்மாவின் பாதம் சிவந்திருப்பதைக் கண்டு தாதி பதறிவிட்டார்! துவைக்கக் குளிர்ந்த நீர் போதும். முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் காயவிடுங்கள்.

அம்மா அடுத்துக் கேட்டிருப்பது மயில் நீலம்.