நடு வீட்டுக் கோடு

விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்தை இரவுக் காட்சியில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். மூத்த மகன் செலவுக் கணக்குப் பார்க்க, வீட்டின் நடுவே கோடு விழுகிறது. மனோரமா வந்ததும் கொட்டகையே சிரித்தது. கடைசியில் எல்லோரும் சமாதானமானபோது, மூத்த மருமகள் லட்சுமி தனிக்குடித்தனம்தான் என்கிறார்.

ஆரம்பாக்கம் திரும்பும் வழியெல்லாம் எங்களுக்குள் அதே வாக்குவாதம். குடும்பத்தைப் பிரிக்கிறாளே என்றார்கள் பெரியவர்கள். அவள் செய்தது சரி என்பது என் கட்சி, இன்றும் அதுதான்.

பிரெஞ்சுப் பள்ளியில் நான் படித்த மோலியேரின் ‘கஞ்சன்’ நாடகத்திலும் (1668) தகப்பனுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே நிற்பது பணம்தான். ஒரே கூரைக்குள் முகம் திருப்பிக்கொண்டு இருப்பதைவிட, தள்ளி இருந்து ஞாயிற்றுக்கிழமை இறால் குழம்புக்குக் கூடுவது மேல்.

பிள்ளைகள் தனியே போனால் வருந்தாதீர்கள், அன்பர்களே. பேச்சு நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.