பூஜ்யம் புள்ளி பூஜ்யம்

2004 செப்டம்பர் இறுதியில் டிராவிஸ் மாரிசனின் முதல் தனித்தொகுப்பு ‘டிராவிஸ்டான்’ வெளிவந்தது. வாஷிங்டன் நகரத்து ராக் குழுவான ‘தி டிஸ்மெம்பர்மென்ட் ப்ளா’னின் பாடகராகவும் பாடலாசிரியராகவும் இருந்தவர் மாரிசன். குழு 2003-இல் கலைந்திருந்தது. அவர் தனியாக என்ன செய்யப்போகிறார் என்ற எதிர்பார்ப்பு ரசிகர்களிடம் மிகுந்திருந்த வேளையில், பிட்ச்ஃபோர்க் இதழ் அந்தத் தொகுப்புக்கு மதிப்பெண் வழங்கியது: பத்துக்கு 0.0.

இண்டி ராக் என்பதைப் பெருநிறுவனங்களுக்கு வெளியே, சிறிய வெளியீட்டகங்கள் வழியாகப் புழங்கும் இசை என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம். நம் சிறுபத்திரிகைச் சூழலை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். அதே குறைந்த பிரதிகள், அதே தீவிரம், அதே கோஷ்டிச் சண்டை. அத்தகைய சிறிய உலகத்தில் ஒரு விமர்சன இதழின் சொல்லுக்கு இருக்கும் எடை பெரிய உலகத்தில் இருப்பதில்லை. வெகுஜனப் பாடகர் ஒருவரை எத்தனை விமர்சகர்கள் திட்டினாலும் அவருடைய வானொலியும் விளம்பரமும் அவரைக் காப்பாற்றிவிடும். மாரிசனைப் போன்றவருக்கு அந்தக் கவசம் கிடையாது.

விளைவு உடனே தெரிந்தது. டெக்ஸாஸில் ஓர் இசைத்தட்டுக் கடை அத்தொகுப்பை விற்பனைக்கு எடுக்கவே முதலில் மறுத்தது என்று செய்தி வந்தது. மதிப்புரை வெளியான நாள்வரை தன் மேடைகளுக்கு அன்போடு வந்தவர்களின் பார்வை ஒரே இரவில் மாறிப்போனதாக மாரிசன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இந்த விவகாரத்தில் விமர்சகருக்கு எதிராக ரசிகர்கள் எழுப்பிய குரல் இன்றும் அவ்வப்போது கேட்கிறது. நானும் அந்தப் பூஜ்யத்துக்கு எதிரானவன்தான். ஆனால் ரசிகர்கள் முன்வைக்கும் வாதங்களில் பெரும்பாலானவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. ரசனை அவரவர் சொந்த விஷயம், அதில் சரி தவறு ஏது என்பது முதல் வாதம். கிதாரைத் தொட்டறியாதவன் கிதார் கலைஞனை எடைபோடலாமா என்பது இரண்டாவது. மாரிசன் நல்ல மனிதர், எங்கள் இளமைக்குத் துணையிருந்தவர் என்பது மூன்றாவது. மூன்றுமே பாடல்களைப் பற்றிப் பேசவில்லை. ரசனை முற்றிலும் சொந்த விஷயம் என்றால் பூஜ்யமும் ஒருவருடைய சொந்த விஷயம்தானே, அதில் கோபப்பட என்ன இருக்கிறது?

இதைவிட முக்கியமான சங்கடம் ஒன்று இருக்கிறது. இந்தக் குழுவின் ‘எமர்ஜென்ஸி அண்ட் ஐ’ தொகுப்பு 1999-இல் வெளியானபோது இதே பிட்ச்ஃபோர்க் அதற்கு 9.6 கொடுத்தது. அந்தத் தொகுப்பின் கதையே விசித்திரமானது. இன்டர்ஸ்கோப் என்ற பெரிய நிறுவனத்தின் பணத்தில் பதிவாகி, நிறுவனங்களின் இணைப்புக் குளறுபடியில் கைவிடப்பட்டு, கடைசியில் டிசோட்டோ என்ற சிறு வெளியீட்டகத்தின் வழியே வந்து சேர்ந்தது. விளம்பரம் செய்யப் பெரிய கை எதுவும் இல்லாத அந்தப் படைப்பைப் பலரிடம் கொண்டுசேர்த்ததில் அந்த 9.6-க்குப் பெரும் பங்குண்டு. அந்த எண்ணைப் பார்த்து வந்த ரசிகர்கள் அன்று எண்ணின் அதிகாரத்தைக் கேள்வி கேட்கவில்லை. ஐந்தாண்டு கழித்து அதே கை வேறோர் எண்ணை எழுதும்போது மட்டும் ‘எண்ணுக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்பது கொஞ்சம் தாமதமான விழிப்பு. ஒரே இரவில் காணாமல் போனவர்களும் ரசிகர்களே என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. அவர்களில் எத்தனை பேர் தொகுப்பைக் கேட்டுவிட்டு விலகியிருப்பார்கள்?

அப்படியானால் அந்தத் தொகுப்பில் என்னதான் இருக்கிறது? ‘எமர்ஜென்ஸி அண்ட் ஐ’யில் ‘யூ ஆர் இன்வைட்டட்’ என்றொரு பாடல் உண்டு. எங்கு காட்டினாலும் கதவு திறக்கும் அழைப்பிதழ் ஒன்று கைக்கு வந்துசேர்ந்த ஒருவனின் கதை. இயந்திரத் தாளத்தின் மேல், ஏறக்குறையப் பேசுவதைப்போலவே பாடிக்கொண்டு போவார் மாரிசன். திடீரென்று மொத்தக் குழுவும் உள்ளே பாயும். அந்த நொடியில்தான் பாடல் பாடலாகிறது. எரிக் ஆக்ஸல்சனின் பேஸும் ஜோ ஈஸ்லியின் டிரம்ஸும் மாரிசனுக்குப் பக்கவாத்தியங்கள் மட்டுமல்ல. அவை அவரோடு வாக்குவாதம் செய்பவை. ஓயாமல் பேசும் ஒரு புத்திசாலியை, கோணலான தாளக்கட்டுகளால் அவை இழுத்துப் பிடித்து நிறுத்தின.

‘டிராவிஸ்டா’னில் கருவிகளுக்குக் குறைவில்லை. ‘டெத் கேப் ஃபார் க்யூட்டி’ குழுவின் கிறிஸ் வாலா போன்றோர் ஒலிப்பதிவில் உடனிருந்தார்கள். இல்லாதது அந்த எதிர்ப்பேச்சுதான். சொற்களைத் தடுக்க யாருமில்லாதபோது அவை சில சமயம் குறும்பாகவும் பல சமயம் வெறும் கெட்டிக்காரத்தனமாகவும் வழிகின்றன. அமெரிக்க நாணயங்களில் முகம் பொறிக்கப்பட்ட அதிபர்களை வைத்து அவர் செய்த நான்கு குறும்பாடல்கள் தொகுப்பெங்கும் சிதறிக் கிடக்கின்றன. முதல்முறை புன்னகைக்கலாம். நான்காவது வரும்போது கை தானாக அடுத்த பாடலைத் தேடுகிறது. இன்னொரு பக்கம், மரணத்தைப் பற்றி ‘பீப்பிள் டை’ என்று மூடாக்கு எதுவுமில்லாமல் தலைப்பிட்டு ஒருவர் பாட முனைவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். தான் பிறந்த ஆண்டையே தலைப்பாக்கிய ‘பார்ன் இன் 72’வில் பழைய குழுவின் துள்ளல் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. சமனற்ற தொகுப்பு. இரண்டு மூன்று நல்ல பாடல்கள், நான்கைந்து தோல்விகள், சில வெறும் விளையாட்டுகள். ஒரு குழுவை விட்டு வெளியே வந்த பாடகர்களின் முதல் தனித்தொகுப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன.

இதற்கு 3 கொடுத்திருந்தால் நான் வாதாட வந்திருக்க மாட்டேன். 3 என்பது ஓர் அளவு. அது தவறாக இருக்கலாம், அதைப் பற்றிச் சண்டை போடலாம். பூஜ்யம் அளவல்ல, அளக்க மறுப்பது. இங்கே கேட்பதற்கு எதுவுமே இல்லை என்கிறது அது. தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம்வரை துல்லியம் காட்டும் ஓர் இதழ், அந்தத் துல்லியத்தின் தோரணையிலேயே இப்படியொரு பொய்யைச் சொல்லும்போது அது கூடுதலாக நம்பப்படுகிறது. மதிப்புரையில் காரணங்கள் இல்லாமலில்லை. ஆனால் எண் காரணங்களைத் தின்றுவிட்டது. இன்று அந்தக் கட்டுரையின் ஒரு வாக்கியத்தைக்கூட நினைவுகூராதவர்கள் 0.0-வை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். காரணங்களை வாசகன் நினைவில் கொள்ளத் தேவையில்லாதபடி எழுதப்படும் விமர்சனத்தை ஏன் விமர்சனம் என்று அழைக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

முந்தைய ஆண்டு, 2003-இல், லிஸ் ஃபேரின் தன்பெயர் தாங்கிய தொகுப்புக்கும் இதே இதழ் 0.0 கொடுத்திருந்தது. அதை எழுதிய விமர்சகர் 2019-இல் பொதுவெளியில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். 2021-இல் பிட்ச்ஃபோர்க் தன் பழைய மதிப்பெண்கள் சிலவற்றைத் திருத்தி வெளியிட்டபோது லிஸ் ஃபேருக்கு 6.0 கிடைத்தது. ஒரு பூஜ்யம் பதினெட்டு ஆண்டுகளில் ஆறாக வளரும் என்றால் அன்று அளக்கப்பட்டது இசையா, அல்லது அந்த இசையைக் கேட்டதற்காகத் தங்கள் வட்டத்துக்குள் நேரவிருந்த அவமானமா?

மாரிசன் 2007-இல் ‘ஆல் யால்’ என்று இன்னொரு தொகுப்பு கொண்டுவந்தார். பெரிய சலனமில்லை. 2009-இல் இசையிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். கணினி நிரல் எழுதுவது அவருக்குப் பிழைப்பாக இருந்தது. இதற்கெல்லாம் ஒரு மதிப்பெண்தான் காரணம் என்று கண்ணீர் வடிக்க நான் தயாரில்லை. ‘ஆல் யால்’ கேட்டவர்களுக்கு வேறு காரணங்களும் தென்படும். 2011-இல் ‘எமர்ஜென்ஸி அண்ட் ஐ’ மறுபதிப்பாக வந்தபோது குழு மீண்டும் கூடி மேடையேறியது. பிட்ச்ஃபோர்க் இம்முறை 9.6-ஐயும் தாண்டிப் பத்துக்குப் பத்து வழங்கியது. ஒரே மனிதருக்கு ஒரே இதழில் அளவுகோலின் இரண்டு முனைகளும் கிடைத்தன. இரண்டையும் அவருடைய ரசிகர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பெற்றுக்கொண்டார்கள், கட்டுரையைப் படிக்காமல்.

பிட்ச்ஃபோர்க்கின் நிலையும் இன்று பழையபடி இல்லை. 2015-இல் காண்டே நாஸ்ட் நிறுவனம் அதை வாங்கியது. 2024-இல் ஆண்களுக்கான ஜிக்யூ இதழின் குடையின் கீழ் கொண்டுபோய் வைத்தது. 2021-இன் திருத்தப் பட்டியலில் ‘டிராவிஸ்டான்’ இடம்பெறவில்லை. அதன் மதிப்பெண் அப்படியே இருக்கிறது. இனிக் கேட்க நினைப்பவர்கள் நாணயப் பாடல்களை ஒதுக்கிவிட்டு ‘சாங் ஃபார் தி ஓர்கா’வில் தொடங்கலாம். பிடிக்காமல் போகவும் கூடும்.