சவுக்குக் கிளைக்கு ஒரு காகித மாலை



பெட்டியைப் பிரித்து நிமிர்த்திவிட்டால் வேலை முடிந்தது என்கிற பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம் இப்போது சின்ன ஊர்க் கடைகளுக்கும் வந்துவிட்டது. வாங்குகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் வாளியில் மணல் நிரப்பி, சவுக்குக் கிளையை நட்டு, சாயாமலிருக்கச் செங்கல் துண்டால் முட்டுக் கொடுக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. இந்தப் பக்கம் அவர்களுக்காக.

சவுக்கு ஊசியிலை மரமே அல்ல. நாம் ஊசி என்று நினைப்பது கணுக்கணுவான மெல்லிய பச்சைக் குச்சி. நிஜமான இலை, கணுவைச் சுற்றி ஒட்டியிருக்கும் பொடிச் செதில். குச்சியை இழுத்தால் கணுவில் கழன்றுவரும். திரும்பப் பொருத்திவைத்து, "எங்கே ஒடித்தேன், சொல்லு பார்ப்போம்" என்று பிள்ளைகள் விளையாடுவார்களே, அதேதான்.

இந்தக் கிளை பாரம் தாங்காது. கண்ணாடி உருண்டையை மாட்டினால் கொப்பு தொய்ந்து உருண்டை தரைக்கு வந்துவிடும். அதற்கு ஏற்ற நகை காகித மாலைதான். கையில் காசில்லாதவர்கள் செய்வது என்று யாரும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். ஸ்ட்ராஸ்பர்க் நகர வீடுகளில் வைத்த மரங்களைப் பற்றிய 1605-ஆம் ஆண்டுக் குறிப்பிலேயே ஆப்பிளோடும் இனிப்புகளோடும் வண்ணக் காகித ரோஜாக்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் லௌஷா ஊரில் ஊதிச் செய்த கண்ணாடி உருண்டைகள் பரவியது 19-ஆம் நூற்றாண்டில்தான். காகிதம் மூத்தது!

சங்கிலி மாலை எல்லோருக்கும் தெரிந்ததே. வண்ணத்தாளை ஒரு அங்குல அகலம், ஆறு அங்குல நீளத்துக்குப் பட்டையாக வெட்டி, வளையத்துக்குள் வளையமாக ஒட்ட வேண்டும். பசையில்தான் சூட்சுமம். டிசம்பர் மழை ஈரத்தில் நீர்த்த பசை இளகி, காலையில் பார்த்தால் மாலை அறுந்து கிடக்கும். மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கரண்டியிலிருந்து சொட்டாத பதம் வரும்வரை அடுப்பில் கிண்டுங்கள். பைண்டிங் வேலை செய்கிறவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷம், பிள்ளைகள் கைவைக்கும் பசையில் வேண்டவே வேண்டாம். கிரேப் தாள் அழகுதான், ஆனால் சாரல் பட்டால் சாயம் போகும்.

அமெரிக்க வீடுகளில் பாப்கார்னையும் கிரான்பெரிப் பழத்தையும் ஊசிநூலில் கோத்து மரத்தைச் சுற்றுவார்கள். பொரித்த சூட்டில் கோத்தால் உடையும். ஒரு நாள் விட்டு, நமுத்த பிறகு கோக்க வேண்டும். நம் ஊரில் செய்தால் விடிவதற்குள் எறும்புகள் கேரல் பவனி கிளம்பிவிடும். அதைவிட சவுக்கங்காய்களைப் பொறுக்கி வந்து, தங்க நிறப் பெயின்ட் தொட்டு, நூலில் கட்டிப் பாருங்கள். முதலில் பேப்பர் விரித்துக் காயவையுங்கள். காய் வெடித்து விதை கொட்டும்.

வெட்டிய கிளை நாளாக ஆக மொறமொறவென்று காய்ந்துபோகும். மணலில் தினம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். மெழுகுவத்தி கூடவே கூடாது. சீரியல் செட்டைப் படுக்கப் போகுமுன் அணைத்துவிடுங்கள்.

மாலை ஒட்ட ஆள் தேட வேண்டியதில்லை. கத்தரியை எடுத்ததுமே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எந்த மதத்துப் பிள்ளைகள் என்பதெல்லாம் பசைக் கிண்ணத்துக்குத் தெரியாது. சிவப்பு, பச்சை, சிவப்பு என்று நீங்கள் போட்ட கணக்கு கொஞ்ச நேரத்தில் குலைந்து, நடுவில் ஊதா நுழையும். திருத்தப் போகாதீர்கள்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பிறகு கிளையை எடுக்கும்போது மாலையை மடித்து, காய்ந்த வேப்பிலையோடு அட்டைப்பெட்டியில் வையுங்கள். பாதியாவது அடுத்த வருஷத்துக்குத் தேறும். உங்கள் வீட்டில் வேறென்ன கோத்துத் தொங்கவிடுகிறீர்கள்? பனையோலையில் நட்சத்திரம் முடையத் தெரிந்தவர்கள் செய்முறையை எழுதி அனுப்புங்கள். அடுத்த டிசம்பர் இதழில் அதற்கு இப்போதே இரண்டு பக்கம் ஒதுக்கியாயிற்று.

கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்